போனை எந்தக் காதில் வைக்கிறீர்கள்? பெரம்பலூரும் அரியலூரும் கேட்க வேண்டிய ஒரு கேள்வி

என் அத்தை ஜெயங்கொண்டம் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறார். 2016 வாக்கில், நான் போன் செய்யும்போதெல்லாம் பேச்சை ஆரம்பிக்கும் முன் சில விநாடி தடுமாறுவார். அப்புறம், "இரு கண்ணு, அந்தக் காதுக்கு மாத்திக்கிறேன்" என்பார். வலது காதில் வைத்தால் குரல் வருகிறது, ஆனா என்ன சொல்றாங்கன்னு புரியலை. இடது காதில் வைத்தால் தெளிவாகக் கேட்கிறது. வீட்டில் எல்லோரும் சொன்ன பதில் ஒன்றுதான்: "வயசாகுதுல்ல." அத்தைக்கு அப்போது வயது 41.

காதில் சொட்டு மருந்து விட்டார்கள். எண்ணெய் காய்ச்சி ஊற்றினார்கள். சிமென்ட் ஆலைக்குப் போகும் லாரி சத்தத்தைக் குறை சொன்னார்கள். "ங்ஙொய்"னு காதுக்குள் ஒரு சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கிறது என்றார். அதற்கும் ஒரு மாத்திரை கொடுத்தார்கள். இப்படியே ஆறு வருஷம் போனது. 2022-ல் நடக்கும்போது ஒரு பக்கமாகத் தள்ளாட ஆரம்பித்த பிறகுதான் திருச்சிக்கு அழைத்துப் போனோம். கேட்கும் திறன் பரிசோதனை, அடுத்து எம்.ஆர்.ஐ. ஸ்கேன். காது நரம்பில் மூன்றரை சென்டிமீட்டருக்குக் கட்டி இருந்தது.

புற்றுநோய் இல்லை என்று டாக்டர் முதலிலேயே சொல்லிவிட்டார். நான் உடனே, கூகுளில் படித்த தைரியத்தில், "சின்ன துளை போட்டுப் பண்றாங்களே சார், அந்த சர்ஜரி பண்ண முடியுமா?" என்று கேட்டேன். அவர் ஸ்கேன் படத்தை என் பக்கம் திருப்பிக் காட்டினார். "அது சின்னதா இருக்கும்போது கேட்க வேண்டிய கேள்வி, தம்பி."

இந்தக் கட்டுரை அந்தப் பதிலைப் பற்றியது.

எங்கே வருகிறது இந்தக் கட்டி?

நம் மண்டையோட்டை ஒரு வீடு என்று வைத்துக்கொண்டால், மூளை உட்கார்ந்திருக்கும் தரைதான் மண்டையோட்டின் அடித்தளம். மருத்துவர்கள் இதை 'ஸ்கல் பேஸ்' என்பார்கள். மூளையோடு இணைந்த 12 ஜோடி நரம்புகளில் பெரும்பாலானவை இந்தத் தரையில் உள்ள சின்னச் சின்ன ஓட்டைகள் வழியாகத்தான் கண், முகம், காது, தொண்டை என்று வெளியே போகின்றன. மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாய்களும் இதே தரையைத் துளைத்துக்கொண்டுதான் வருகின்றன. ரொம்ப நெரிசலான இடம்.

நரம்புகளுக்கு மேல் ஒயருக்கு பிளாஸ்டிக் உறை மாதிரி ஒரு உறை உண்டு. அதை உருவாக்கும் செல்களுக்கு, 19-ம் நூற்றாண்டில் அவற்றை விவரித்த ஜெர்மன் விஞ்ஞானி தியோடர் ஷ்வான் பெயரால் 'ஷ்வான் செல்' என்று பெயர். இந்த செல்கள் கட்டுப்பாடு இல்லாமல் வளர்ந்து கட்டியானால் அது ஷ்வானோமா. மெதுவாக வளரும். உடம்பின் மற்ற பாகங்களுக்குப் பொதுவாகப் பரவாது.

மண்டைக்குள் வரும் ஷ்வானோமாக்களில் மிகப் பெரும்பாலானவை எட்டாவது நரம்பில்தான் வருகின்றன. உடம்பின் சமநிலையையும் கேட்கும் திறனையும் பார்த்துக்கொள்ளும் நரம்பு அது. அதனால்தான் ஒரு காதில் கேட்பது குறைவதும், இரைச்சலும், தள்ளாட்டமும் அறிகுறிகள். இதைவிட அரிதாக, ஐந்தாவது நரம்பில் வந்தால் முகத்தின் ஒரு பக்கம் மரத்துப்போகும், வலிக்கும். பல் பிரச்சினை என்று நினைத்துப் பல் டாக்டரிடம் போகிறவர்கள் உண்டு. தொண்டைக்குப் போகும் நரம்புகளில் வந்தால் குரல் கரகரக்கும், விழுங்கும்போது புரையேறும்.

மார்வெல் படங்களில் ஹல்க்காக வரும் மார்க் ரஃபலோவைத் தெரியும்தானே? அவருக்கு வந்ததும் இந்தக் காது நரம்புக் கட்டிதான். 2001-ல் கண்டுபிடித்து ஆபரேஷன் செய்தார்கள். முகத்தின் ஒரு பக்கம் மாதக்கணக்கில் செயலிழந்து பிறகு சரியானது. இடது காதின் கேட்கும் திறன் திரும்பவே இல்லை.

காதில் கட்டி, முகம் ஏன் கோணுகிறது?

காது நரம்பும், முகத்தசைகளை இயக்கும் ஏழாவது நரம்பும் ஒரே எலும்புக் குழாய் வழியாகப் போகின்றன. ஒரே பைப்பில் இரண்டு ஒயர் ஓடுகிற மாதிரி. ஒன்றில் கட்டி பெருத்தால் பக்கத்தில் இருப்பது நசுங்கி, தட்டையாகி, கட்டியோடு ஒட்டிக்கொள்ளும். ஆபரேஷனின் உண்மையான கஷ்டம் கட்டியை எடுப்பதைவிட இந்த முக நரம்பை முழுசாகக் காப்பாற்றுவதில் இருக்கிறது. கட்டி எவ்வளவு சிறிதோ, முகம் தப்பிக்கும் வாய்ப்பு அவ்வளவு அதிகம்.

அத்தைக்குக் கட்டியை எடுத்துவிட்டார்கள். உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் வலது கண் முழுசாக மூடாது. ராத்திரி ஜெல் போட்டு, பிளாஸ்திரி ஒட்டிப் படுக்கிறார். சிரித்தால் வாய் ஒரு பக்கம் இழுக்கும். இப்போது வீடியோ கால் செய்தால் கேமராவை விட்டத்தைப் பார்த்துத் திருப்பி வைத்துவிடுகிறார். "மூஞ்சிதானே, பார்த்து என்ன ஆவப்போவுது, பேசு" என்கிறார்.

துளை எப்படிச் சிறிதானது?

இந்தக் கட்டியை வெற்றிகரமாக அகற்றியதாகப் பதிவான ஆரம்பகால ஆபரேஷன்களில் ஒன்று 1894-ல் லண்டனில் சார்லஸ் பாலன்ஸ் செய்தது. அந்தக் காலத்தில் விரலை விட்டே கட்டியைத் தோண்டி எடுத்தார்கள். ஆபரேஷனுக்குப் போனவர்களில் பெரும்பாலோர் திரும்பவில்லை. அமெரிக்காவின் ஹார்வி குஷிங், கட்டியை முழுசாக எடுக்காமல் உள்ளிருந்து சுரண்டிக் குறைத்தாலே உயிரைக் காப்பாற்றலாம் என்று காட்டினார். இந்தக் கட்டிகளைப் பற்றி 1917-ல் தனியாக ஒரு புத்தகமே எழுதினார். 1960களில் வில்லியம் ஹவுஸ் மைக்ரோஸ்கோப்பைக் கொண்டுவந்தார். அதன் பிறகுதான் முக நரம்பைக் கண்ணால் பார்த்துக் காப்பாற்றுவது சாத்தியமானது.

நம் ஊரும் இதில் பின்தங்கியில்லை. இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவை சிகிச்சைத் துறை 1949-ல் தமிழ்நாட்டில், வேலூர் சி.எம்.சி.யில், ஜேக்கப் சாண்டி தலைமையில் தொடங்கியது. அடுத்த ஆண்டே சென்னை அரசு பொது மருத்துவமனையில் பி.ராமமூர்த்தி இந்தப் பணியைத் தொடங்கினார்.

இன்று 'மினிமலி இன்வேசிவ்' என்று சொல்லப்படுவதில் பல வகை. காதுக்குப் பின்னால் இரண்டு மூன்று சென்டிமீட்டருக்கு எலும்பைத் திறந்து செய்யும் நுண்துளை அறுவை சிகிச்சை ஒன்று. மூக்குத் துவாரம் வழியாக எண்டோஸ்கோப் என்ற கேமராக் குழாயை விட்டுச் செய்வது இன்னொன்று. முதலில் பிட்யூட்டரி கட்டிகளுக்குப் பயன்பட்ட இந்த வழி, இப்போது ஐந்தாவது நரம்புக் கட்டிகள் சிலவற்றுக்கும் பயன்படுகிறது. கண் இமையின் மடிப்பு வழியாகப் போகும் முறையும் வந்துவிட்டது. கத்தியே வைக்காமல், கதிர்வீச்சைக் கட்டியின் மேல் குவிக்கும் காமா நைஃப் முறையும் உண்டு. ஸ்வீடனின் லார்ஸ் லெக்செல் 1968-ல் அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தார். இதில் கட்டி மறைந்துவிடாது. வளர்ச்சி நிற்க வேண்டும், அதுதான் நோக்கம். கட்டி மிகச் சிறியதாக, வளராமல் இருந்தால் ஒன்றுமே செய்யாமல் அவ்வப்போது ஸ்கேன் எடுத்துக் கண்காணிப்பதும் அங்கீகரிக்கப்பட்ட சிகிச்சைதான்.

இந்தப் பட்டியலைத் திரும்ப ஒருமுறை பாருங்கள். கண்காணிப்பதற்குக் கட்டி சிறிதாக இருக்க வேண்டும். காமா நைஃபுக்கு அது சுமார் மூன்று சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். நுண்துளை சிகிச்சையும் பெரும்பாலும் சிறிய கட்டிகளுக்கே நல்ல பலன் தருகிறது. மூளைத் தண்டை அழுத்திக்கொண்டிருக்கும் பெரிய கட்டிக்கு டாக்டருக்கு இடம் வேண்டும், வெளிச்சம் வேண்டும், அகலமாகத் திறக்க வேண்டும். அங்கே சின்னத் துளையைப் பிடிவாதமாகக் கேட்பது நோயாளிக்கே ஆபத்து.

மண்டையில் போடும் துளையின் அளவை ஆபரேஷன் தியேட்டரில் இருக்கும் கருவி மட்டும் தீர்மானிப்பதில்லை. அந்த நோயாளி எத்தனை வருஷத்துக்கு முன் ஒரு கேட்கும் திறன் பரிசோதனைக்குப் போனார் என்பதும் தீர்மானிக்கிறது.

நாங்கள் போடும் செய்தியில் இல்லாத பகுதி

எங்கள் டிஜிட்டல் டெஸ்க்குக்கு மருத்துவமனைகளிலிருந்து பிரஸ் ரிலீஸ் வந்துகொண்டே இருக்கும். 'மூக்கு வழியாக மூளைக் கட்டி அகற்றம்', 'தழும்பே இல்லாமல் அரிய சாதனை' வகை. நானே அப்படித் தலைப்பு வைத்திருக்கிறேன். நன்றாக கிளிக் ஆகும். செய்தி பொய்யில்லை, டாக்டர்களின் திறமையும் பொய்யில்லை. ஆனால் அந்த நோயாளிக்குக் கட்டி எப்படி, எங்கே, எத்தனை நாளில் கண்டுபிடிக்கப்பட்டது என்ற வரி அதில் இருக்காது. நாங்களும் கேட்பதில்லை.

பெரிய கட்டியோடுதான் நோயாளிகள் வருகிறார்கள் என்று இந்தியாவின் பெரிய நரம்பியல் மையங்களிலிருந்து வெளியாகும் ஆய்வுக் கட்டுரைகள் பல வருஷமாகச் சொல்லிவருகின்றன. மேற்கத்திய நாடுகளில் ஸ்கேன் எளிதாகக் கிடைப்பதால், கட்டி சில மில்லிமீட்டரில் இருக்கும்போதே பலருக்குத் தெரிந்துவிடுகிறது. நம் டாக்டர்களிடம் கற்றுக்கொள்ள வெளிநாட்டவர் வருகிறார்கள் என்று பெருமைப்படுகிறோம். இவ்வளவு பெரிய கட்டிகளில் இவ்வளவு அனுபவம் அவர்களுக்கு எப்படிக் கிடைத்தது என்பதையும் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

"அரிய நோய்தானே?"

நியாயமான கேள்வி. கணக்குப் போட்டுப் பார்ப்போம். காது நரம்புக் கட்டி ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் ஒருவர் அல்லது இருவருக்குக் கண்டறியப்படுகிறது என்பது வெளிநாட்டுத் தரவு. 2011 கணக்கெடுப்பின்படி பெரம்பலூர் மாவட்டத்தில் 5.65 லட்சம் பேர், அரியலூரில் 7.55 லட்சம் பேர். மொத்தம் 13.2 லட்சம். அதே விகிதம் இங்கும் என்று வைத்துக்கொண்டால், இரண்டு மாவட்டத்திலும் சேர்த்து ஆண்டுக்கு 13 முதல் 26 பேர். பத்து வருஷத்தில் நூற்றுக்கு மேல். இது என் தோராயக் கணக்குதான். ஆனால் யாருமே இல்லை என்று சொல்லும் அளவுக்கு அரிது கிடையாது.

இந்தச் சிலருக்காக எல்லோருக்கும் எம்.ஆர்.ஐ. எடுக்க முடியுமா? முடியாது, தேவையும் இல்லை. ஒரு காது மட்டும் கேட்கவில்லை என்று வருகிறவர்களில் மிகப் பெரும்பாலோருக்குக் காரணம் அழுக்கு, சீழ், சவ்வில் ஓட்டை என்று சாதாரணமானதாகத்தான் இருக்கும். நான் கேட்பது முதல் படியில் ஒரு சல்லடை. பள்ளி இயற்பியல் லேபில் பார்த்த இசைக்கவை ஞாபகம் இருக்கிறதா? அதைத் தட்டி நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் வைத்தே, கோளாறு காதுக் குழாயிலா, உள்ளே நரம்பு பக்கமா என்று டாக்டரால் ஓரளவு சொல்லிவிட முடியும். சந்தேகம் இருந்தால் ஆடியோகிராம். அதுவும் அரை மணி நேர வேலை. ஒரு காதில் மட்டும் நரம்பு சார்ந்த குறை, காரணம் தெரியவில்லை என்றால் மட்டும் எம்.ஆர்.ஐ.

இந்தச் சல்லடையால் கட்டி இல்லாதவர்களுக்கும் லாபம். சீழ் வடியும் காதும், காதுக் கருவி தேவைப்படும் பெரியவர்களும், ஆலைச் சத்தத்தால் காது பாதிக்கப்பட்ட தொழிலாளிகளும் இதே பரிசோதனையில் தெரியவருவார்கள்.

அரியலூருக்கு இது இன்னும் முக்கியம். சுண்ணாம்புக்கல் சுரங்கம், வெடி, சிமென்ட் ஆலை, லாரி என்று சத்தம் நிறைந்த மாவட்டம். "ஆலையில வேலை பார்த்தா காது அப்படித்தான்" என்பது அங்கே சர்வசாதாரணமான பதில். ஆனால் தொடர்ந்த இரைச்சலால் வரும் பாதிப்பு பொதுவாக இரண்டு காதிலும் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும். ஒரு காது மட்டும் தனியாக மோசமானால், பழியை ஆலை மேல் போட்டுவிட்டு உட்காரக் கூடாது.

ஆபரேஷன் எங்கே, கண்டுபிடிப்பு எங்கே?

பெரம்பலூரிலேயே, அரியலூரிலேயே ஸ்கல் பேஸ் சர்ஜரி வேண்டும் என்று நான் கேட்கப்போவதில்லை. இந்த ஆபரேஷனை வருஷத்துக்கு ஒன்றிரண்டு செய்யும் இடத்தைவிட அடிக்கடி செய்யும் இடத்தில் செய்துகொள்வதுதான் பாதுகாப்பு. நரம்பியல் அறுவை நிபுணர், காது மூக்கு தொண்டை நிபுணர், நரம்பைக் கண்காணிக்கும் கருவி, நல்ல ஐ.சி.யூ. எல்லாம் சேர்ந்த குழு வேண்டும். அது பெரிய நகரங்களில் இருக்கட்டும்.

செலவுக்கும் வழி இருக்கிறது. ஆண்டு வருமானம் 1.20 லட்சம் ரூபாய்க்குள் இருக்கும் குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெறலாம். அத்தைக்குக் கைகொடுத்தது அந்த அட்டைதான். ஆனால் கட்டி கண்டுபிடிக்கப்படும்வரை ஆன பஸ் காசுக்கும் விட்டுப்போன கூலிக்கும் எந்த அட்டையும் கிடையாது. கண்டுபிடிப்பு தள்ளிப்போவதற்கு அதுவும் ஒரு காரணம்.

அதனால் கண்டுபிடிப்பு ஊர்ப் பக்கத்திலேயே நடக்க வேண்டும். அரியலூருக்கு 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. பெரம்பலூரில் அரசு தலைமை மருத்துவமனை இருக்கிறது. காது கேளாமையைத் தடுக்க ஒன்றிய அரசின் தேசியத் திட்டம் 2007 முதல் இருக்கிறது. 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பணியாளர்கள் வீட்டு வாசலுக்கே வந்து பி.பி., சுகர் பார்க்கிறார்கள். புதிதாக எதையும் கட்ட வேண்டியதில்லை. மூன்று விஷயம் செய்தால் போதும்.

ஒன்று, வீட்டுக்கு வரும் பணியாளர் கூடுதலாக ஒரே ஒரு கேள்வி கேட்கட்டும்: "ரெண்டு காதும் ஒரே மாதிரி கேக்குதா?" இல்லை என்றால் ஒரு சீட்டு எழுதி அனுப்பட்டும்.

இரண்டு, ஆடியோகிராம் எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு, எந்த அறையில் எடுக்கப்படும் என்று இரண்டு மாவட்டத்திலும் எல்லா ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் போர்டு வைக்கட்டும். ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வருகிறவரை "இன்னிக்கு மிஷின் ஆள் இல்லை, அடுத்த வாரம் வாங்க" என்று திருப்பி அனுப்பினால், அவர் அடுத்த வாரம் வர மாட்டார்.

மூன்று, ஒரு காதில் மட்டும் நரம்புக் குறை என்று தெரிந்தால் எம்.ஆர்.ஐ.க்குத் தேதி போட்டே திருச்சிக்கோ தஞ்சாவூருக்கோ அனுப்பட்டும். "திருச்சி போய்ப் பாருங்க" என்பது வெறும் வழி சொல்வதுதான். தேதியும் இடமும் எழுதிக் கொடுத்தால்தான் அது பரிந்துரை.

இப்போதே நீங்கள் செய்யக்கூடியது

இதை நீங்கள் போனில்தான் படித்துக்கொண்டிருப்பீர்கள். அடுத்த அழைப்பு வரும்போது இயர்பட்ஸைக் கழற்றிவிட்டு, பாதிப் பேச்சில் காதை மாற்றிப் பாருங்கள். சத்தம் கேட்கிறதா என்பதோடு வார்த்தை புரிகிறதா என்பதையும் கவனியுங்கள். ஒரு பக்கம் தெளிவாகக் குறைவாக இருந்தால், அல்லது ஒரு காதில் மட்டும் இரைச்சல் நிற்காமல் இருந்தால், காது மூக்கு தொண்டை டாக்டரைப் பாருங்கள். பயப்பட வேண்டாம், பெரும்பாலும் காது அழுக்காகத்தான் இருக்கும். அழுக்கை எடுத்த பிறகும் சரியாகவில்லை என்றால் "ஆடியோகிராம் எடுக்கலாமா டாக்டர்?" என்று நீங்களே கேளுங்கள். ஒரு காது திடீரென்று கேட்காமல் போனால் மட்டும் நாள் கடத்தாதீர்கள். அதற்கான காரணம் வேறாகவும் இருக்கலாம், ஆனால் மருந்து முதல் சில நாட்களிலேயே தொடங்கினால்தான் பலன் அதிகம். எதுவாக இருந்தாலும் காதில் எண்ணெய் ஊற்றாதீர்கள்.

முக்கியமாக, ஊரில் இருக்கும் அம்மா, அப்பா, பெரியம்மா, தாத்தாவிடம் கேளுங்கள். நாம்தான் அவர்களோடு தினமும் போனில் பேசுகிறோம். அவர்கள் காதை மாற்றுவது நமக்குத்தான் முதலில் தெரியும். எனக்கும் தெரிந்தது. ஆறு வருஷம் "சரி அத்தை, மாத்திக்கிட்டுப் பேசுங்க" என்று காத்திருந்தேனே தவிர, ஏன் மாற்றுகிறார் என்று ஒருநாளும் கேட்கவில்லை.